பெரிய காசோலை வேண்டாம்: ஊர்க் கழகங்கள் பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊர் விளையாட்டுக் கழகங்களின் பணமுடை பற்றி அண்மையில் தங்கள் பத்திரிகையில் வெளியான வாசகர் கடிதம் ஒன்றை இங்கே பேர்லினில் இருந்தபடி இரண்டு தடவை வாசித்தேன். அதை எழுதியவர் இரண்டு கருத்துகளைச் சொல்லியிருந்தார். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கணக்குப் பார்க்கிற வீடுகளில் உதைபந்தாட்டத்துக்கென்று பணம் சேர்ப்பது அடாத செயல் என்பது ஒன்று. கழகம் நடந்தே தீரவேண்டுமென்றால் வெளிநாட்டிலிருக்கும் நாலு பேர் ஒரு தொகையைப் போட்டுவிட்டால் அலுவல் முடிந்துவிடும் என்பது மற்றது. அந்த நாலு பேரில் ஒருவனாக எண்ணப்படக்கூடியவன் நான். ஆகவே இரண்டையும், முக்கியமாக இரண்டாவதை, மறுத்து எழுத எனக்கு உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

முதலாவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டு இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமலும், மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தும் நம் ஊர்கள் பட்ட பாட்டை நான் தொலைபேசியில்தான் கேட்டேன்; பட்டவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்த மாதங்களிலும் பின்னேரம் ஐந்து மணிக்கு மைதானத்தில் பந்து உருண்டது என்பதையும் அதே தொலைபேசியில்தான் கேட்டேன். சப்பாத்து இல்லாதவர்கள் வெறுங்காலுடன் விளையாடினார்கள். எல்லைக்கோட்டில் நின்று பார்த்தவர்களில் அரைவாசிப் பேர் அன்று தொழிலுக்குப் போக வழியில்லாமல் இருந்தவர்கள். அவர்களை வீண்செலவுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். அதைச் சொல்வதற்கு, நான் நாற்பது ஆண்டுகளாக வாழும் நகரத்தின் ஒரு கழகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1985இல் எம்மில் பலரைப் போல நானும் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிக் ஷ்ட்ராசெ நிலையம் வழியாக மேற்குப் பக்கம் போனவன். அன்று நான் இறங்கிய அந்தக் கிழக்குப் பக்கத்தின் தென்கிழக்கு மூலையில், கோபெனிக் என்ற பகுதியில், பைன் மரங்களுக்கு நடுவே ஒரு மைதானம் இருக்கிறது. பெயரைத் தமிழில் சொன்னால் 'பழைய வனக்காவலர் மனையருகே' என்று வரும். அதுதான் 1. எஃப்.சி. யூனியன் பேர்லின் கழகத்தின் வீடு. இன்றைய பெயரில் கழகம் தொடங்கியது 1966இல் என்றாலும், அதன் வேர் 1906ஆம் ஆண்டுக்குப் போகிறது. பக்கத்து ஓபர்ஷோனவைட பகுதியில் கேபிள் தொழிற்சாலையும் இரும்புப் பட்டறைகளும் நிறைந்திருந்தன. அங்கே வேலை செய்தவர்களின் கழகம் என்பதால் 'இரும்பு யூனியன்' என்பதே இன்றும் கூட்டத்தின் கோஷம். கிழக்கு ஜேர்மனிக் காலத்தில் இரகசியப் பொலிஸின் ஆதரவு பெற்ற பி.எஃப்.சி. டினமோ 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்துத் தடவை சம்பியனானது. யூனியனுக்கு அந்த ஆட்சி நடந்த காலம் முழுவதிலும் கிடைத்த பெரிய வெற்றி 1968ஆம் ஆண்டின் கிண்ணம் ஒன்றுதான்.

பேர்லின் சுவர் விழுந்த பிறகு அந்தத் தொழிற்சாலைகளும் விழுந்தன. பட்டறைகளில் வேலை செய்த பல்லாயிரம் பேர் சில ஆண்டுகளுக்குள் வேலை இழந்தார்கள். கழகத்தின் நிலையும் அதுதான். 1993இல் இரண்டாம் பிரிவுக்கு ஏறும் தகுதியை ஆடி வென்றும், கொடுத்த வங்கி உத்தரவாதம் போலியானது என்று தெரியவந்து அனுமதி மறுக்கப்பட்டது. மறு வருடமும் பணக் காரணத்தால் அதே முடிவு. 1997இல் கழகம் கிட்டத்தட்டக் கடைசி மூச்சில் இருந்தபோது, ஆதரவாளர்கள் பிராண்டன்பேர்க் வாயிலின் ஊடாக ஊர்வலம் போனார்கள். அந்த நாட்களில் எம்மைப் போன்ற தோற்றமுடையவர்கள் கிழக்குப் புறநகர்களுக்கு இருட்டின பிறகு போகத் தயங்குவோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் யூனியனைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அதன் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

இங்கே உங்கள் வாசகர் சொல்லும் வழியையும் யூனியன் பார்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் திரைப்பட உரிமை வியாபாரத்தில் பணம் பார்த்த ஒருவர் பெரும் தொகையைக் கடனாகக் கொடுத்துக் கழகத்தைத் தூக்கி நிறுத்தினார். அவர் இல்லாவிட்டால் கழகம் அன்றே முடிந்திருக்கக் கூடும். அந்த நன்றியை மறுப்பது நியாயமில்லை. 2001இல் மூன்றாம் பிரிவில் இருந்துகொண்டே ஜேர்மன் கிண்ணத்தின் இறுதி ஆட்டம் வரை போனார்கள், ஷால்கவிடம் 2–0 என்று தோற்றார்கள். அதே ஆண்டின் இறுதியில் அந்த வியாபாரியின் நிறுவனம் முறிந்தது. பட்ட கடன் மட்டும் கழகத்தின் கழுத்தில் கிடந்தது. ஒருவரின் மடியில் இருக்கும் கழகத்துக்கு, அவர் எழும்பினால் விழவேண்டியதுதான் விதி.

2004இல் இரண்டாம் பிரிவிலிருந்து கீழிறங்கினார்கள். மூன்றாம் பிரிவில் விளையாட அனுமதி வேண்டுமென்றால் ஏறத்தாழ 15 இலட்சம் யூரோவைக் காப்புத் தொகையாகக் காட்டவேண்டும் என்று உதைபந்தாட்டச் சம்மேளனம் சொல்லிவிட்டது. அந்தக் காலத்து பேர்லினில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை. கையில் காசில்லாதவன் என்ன கொடுப்பான்? இந்த நாட்டில் இரத்தம் கொடுப்பவருக்குச் சிறு கொடுப்பனவு ஒன்று உண்டு. 'யூனியனுக்காக இரத்தம் சிந்துவோம்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஆதரவாளர்கள் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்து, அந்தக் காசைக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். இரத்தக் காசு மட்டும் 15 இலட்சத்தை எட்டவில்லை. வேறு வசூல்களும் சேர்ந்துதான் தொகை நிறைந்தது. ஆனாலும் காசில்லாதவனுக்கும் கொடுக்க ஒன்று இருக்கிறது என்பதை அந்த வரிசை எல்லோருக்கும் காட்டிவிட்டது.

இதைக் கதையாகச் சொல்பவர்கள் அடுத்த பக்கத்தை மறைத்துவிடுகிறார்கள். இரத்தம் கொடுத்துக் காப்பாற்றிய அணி மறு வருடமே கடைசி இடத்துக்கு வந்து நான்காம் பிரிவுக்கு இறங்கியது. தியாகத்துக்கு வெற்றி கூலியாகக் கிடைக்கவில்லை. கிடைத்தது என்னவென்றால், இறங்கிய பிறகும் அதே கூட்டம் மைதானத்துக்கு வந்தது. (நான்காம் பிரிவில் பழைய எதிரியான டினமோவும் இருந்ததால், 2005 ஓகஸ்ட்டில் அவர்களை 8–0 என்று அடித்த இன்பமும் கிடைத்தது. நாற்பது ஆண்டு அவமானத்துக்கு எட்டுக் கோல் போதாது என்று சொன்ன கிழவர்களை எனக்குத் தெரியும்.)

நான் அந்த மைதானத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது ஆட்டம் பார்க்க அல்ல, மண் அள்ள. நின்று பார்க்கும் படிகள் உடைந்து, இனி இங்கே ஆட அனுமதிக்க முடியாது என்ற நிலை வந்தபோது, ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத கழகம் தன் ஆதரவாளர்களிடம் கூலியில்லாத உழைப்பைக் கேட்டது. 2008 கோடையிலிருந்து 2009 கோடை வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து, மொத்தமாக 1,40,000 மணித்தியாலங்கள் வேலை செய்தார்கள். உலகெங்கும் வங்கிகள் விழுந்த வருடம் அது. நான் வேலை செய்த உணவகத்திலும் ஆள் குறைத்திருந்தார்கள். கூட வேலை செய்த ஒரு கோபெனிக்காரர், வீட்டில் இருந்து யோசித்துக்கொண்டிருப்பதைவிட வா என்று என்னைக் கூட்டிப் போனார். ஒன்பது நாட்கள் போனேன். வாசலில் பெயர் எழுதியவர் என்னை ஏறஇறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டது, சவள் பிடிக்கத் தெரியுமா என்பது மட்டுந்தான்.

நம் ஊரில் இதற்குப் பெயர் சிரமதானம். குளம் தூர்வாரவும் பாதை போடவும் நாம் பழகிய வேலைதான். விடுமுறை எடுத்து வந்த அலுவலகக்காரர், வேலையில்லாமல் நாள்தோறும் வந்தவர், ஓய்வு பெற்ற பற்றவைப்புத் தொழிலாளி என்று எல்லோருக்கும் ஒரே சிவப்புத் தலைக்கவசம். சீமெந்து குழைத்தவர்களின் கணக்கு மணித்தியாலத்தில் எழுதப்பட்டது. துறை தெரிந்த பொறியியலாளர்களும் நிறுவனங்களும் மேற்பார்வை பார்த்தார்கள். வெறும் உணர்ச்சியால் யாரும் கூரை போடவில்லை. அந்த ஒரு வருடம் அணி டினமோவின் பழைய கோட்டையான யான் விளையாட்டரங்கில் போய் ஆடியது, மூன்றாம் பிரிவில் சம்பியனாக வந்து இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. 2009 யூலையில் மைதானம் ஹேர்த்தா அணியுடனான நட்பு ஆட்டத்தோடு திறக்கப்பட்டது. தோற்றார்கள். என்றாலும் நான் நின்ற படியின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களைக் கண்டேன், அவர்கள் ஸ்கோரைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதே கோடையில் நடந்த வேறொன்றையும் சொல்ல வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு கோடி யூரோ தருவதாக ஒரு நிறுவனம் அனுசரணை ஒப்பந்தம் செய்திருந்தது. சில வாரங்களில், அந்நிறுவனத்தின் மேல்நிலையில் இருப்பவர் பழைய இரகசியப் பொலிஸில் பணியாற்றியவர் என்று வெளியானது. கழகம் ஒப்பந்தத்தை முறித்தது. பணமில்லாமல் இரத்தம் விற்று ஐந்து ஆண்டே ஆன கழகம் ஒரு கோடியை வேண்டாம் என்று சொல்ல எப்படித் துணிந்தது என்று அன்று வியந்தேன். இப்போது யோசித்தால், படிகளைக் கட்டியவர்கள் அந்தப் படிகளிலேயே நின்றுகொண்டிருக்கும்போது வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்றுதான் தோன்றுகிறது.

2011 இறுதியில் மைதானத்தையே பங்குகளாக்கி விற்றார்கள். ஒரு பங்கு 500 யூரோ. உறுப்பினர் ஒருவர் பத்துப் பங்குக்கு மேல் வாங்க முடியாது. 'எமது ஆன்மாவை விற்கிறோம், ஆனால் எல்லோருக்கும் அல்ல' என்று விளம்பரம் போட்டார்கள். நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். அந்தப் பத்து என்ற எல்லையைத்தான் உங்கள் வாசகர் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பணம் தேவைப்பட்ட நேரத்திலும், ஒருவரிடமிருந்து அதிகம் வாங்காமல் இருக்க அவர்கள் தங்களுக்கே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள்.

யூனியன் 2019இல் முதற் பிரிவான புண்டெஸ்லிகாவுக்கு ஏறியதும், 2023இல் ஐரோப்பாவின் முதன்மைக் கழகப் போட்டியான சம்பியன்ஸ் லீக் வரை போனதும் உலகம் அறிந்தவை. முதற் பிரிவின் முதல் ஆட்டத்துக்கு, அந்த நாளைக் காணாமல் இறந்துபோன தகப்பன்மாரினதும் நண்பர்களினதும் படங்களை நூற்றுக்கணக்கானோர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதைப் பற்றி எழுதினால் கடிதம் வேறு பக்கம் போய்விடும். சம்பியன்ஸ் லீக் ஆட்டங்களை நகரின் மறுபுறத்துப் பெரிய ஒலிம்பிக் அரங்கில் வைத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும், பெரிய பணம் வந்த பிறகு கழகம் எவ்வளவு காலத்துக்குப் பழைய கழகமாக இருக்கும் என்ற கவலை என்னைப் போன்ற பலருக்கும் உண்டென்பதையும் மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஜேர்மனியில் கழக உறுப்பினர்களின் கையிலேயே பெரும்பான்மை வாக்கு இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால்தான் இதெல்லாம் முடிகிறது, மற்ற நாட்டில் நடக்காது என்று ஒருவர் சொல்லக்கூடும். பாதி உண்மை. இங்கிலாந்தில் அப்படி விதி இல்லை. 1885இல் தொடங்கிய பெரி கழகத்தை 2018இல் ஒருவர் ஒரே ஒரு பவுணுக்கு வாங்கினார். கடன் கட்ட முடியாமல் 2019 ஓகஸ்ட்டில் அது லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட அதே நாளில், அடுத்த ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில் நூற்றுக்கணக்கான ஆதரவாளர்கள் துடைப்பமும் வாளியும் கொண்டு வந்து இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கோபெனிக்கில் சீமெந்து குழைத்தவர்களைவிட அவர்களின் அன்பு எந்த விதத்திலும் குறைந்ததல்ல; அவர்களுக்குக் கழகத்தில் வாக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான். அதே இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் 2008இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்று, 2010இலும் 2012இலும் இரண்டு தடவை முறிந்த கழகம். 2013இல் ஆதரவாளர்கள் ஆளுக்கு ஆயிரம் பவுண் வீதம் போட்டு அதை வாங்கினார்கள். கடன்களை அடைத்து, 2017இல் நான்காம் பிரிவில் சம்பியனாக்கி, அதன் பிறகு ஓர் அமெரிக்கச் செல்வந்தருக்கு விற்பதா வேண்டாமா என்று தாங்களே வாக்களித்து விற்றார்கள். விற்றது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் விற்றவர்கள் அவர்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். பெயரைச் சொல்லி யாரையும் நோகடிக்க விரும்பாததால் ஊரின் பெயரை விடுகிறேன். போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, எங்கள் கழக மைதானத்துக்கு மின்னொளி விளக்குகள் போட வெளிநாடுகளில் இருந்த ஐந்து பேர் பணம் அனுப்பினோம். ஐவரில் நானும் ஒருவன். ஊரில் யாரிடமும் ஒரு சதம் கேட்கவில்லை. அதைப் பெருமையாகவே நினைத்தோம். கம்பத்தின் அடியில் எங்கள் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். முதல் மின்னொளிச் சுற்றுப்போட்டிக்கு யார் பெயரை வைப்பது என்று எங்கள் ஐவருக்குள்ளேயே தொலைபேசியில் சண்டை வந்தது. மூன்றாம் வருடம் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின. யாரும் மாற்றவில்லை. நான் போயிருந்தபோது ஏன் மாற்றவில்லை என்று ஒரு பொடியனிடம் கேட்டேன். "அது வெளிநாட்டாக்களின்ர லைற் தானே, அவைதான் மாத்தவேணும்" என்றான். அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நாங்கள் கொடுத்த விதத்தில் அது எங்கள் விளக்காகத்தான் இருந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது அதே கழகம் எப்படி நடந்தது என்பதும் நினைவிருக்கிறது. இறுதி ஆட்டம் வரும் கிழமையில் கரைவலைக்காரர் ஒவ்வொருவரும் தம் பங்கில் ஒரு பிடியைக் கழகத்துக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். அதை மணலிலேயே ஏலம் விடுவார்கள். வலையில் ஒன்றும் படாதவர் கோல் கம்பத்துக்குப் பூவரசந்தடி வெட்டிக் கொண்டுவருவார். பந்து வாங்கிய காசின் கணக்கு வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு ரூபாய் குறைந்தாலும் கேட்க ஆள் இருந்தது. மீன் நல்லாப் படாத வருடங்களில் சீருடை இல்லாமல் போயிருக்கிறது, கழகம் இல்லாமல் போனதில்லை. 2023இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி வைத்திருந்த ஏழு மாதங்களில், மேலே சண்டை பிடித்தவர்கள் யாராக இருந்தாலும், கீழே பந்து உருண்டுகொண்டிருந்தது இப்படிப்பட்டவர்களால்தான்.

ஆகவே உங்கள் வாசகருக்கும், எமது ஊர்க் கழகங்களின் நிர்வாகங்களுக்கும் நான் முன்வைப்பது இதுதான். எங்களிடம் பெரிய தொகை கேட்காதீர்கள். தருகிறோம் என்று வந்தாலும் அப்படியே வாங்காதீர்கள். ஊரில் தொழில் செய்யும் ஒரு குடும்பம் நோகாமல் கட்டக்கூடிய அளவில் ஒரு பங்கின் விலையை ஊரே கூடித் தீர்மானிக்கட்டும். ரொரொன்ரோவில் இருப்பவருக்கும் பாரிஸில் இருப்பவருக்கும் அதே விலை, அதே ஒரு வாக்கு. காசு கட்ட முடியாதவர் மைதானத்தில் ஒரு நாள் புல் வெட்டினால், வேலி அடைத்தால், அதுவும் ஒரு பங்காகப் பதியப்படட்டும். கணக்கு மறுபடியும் வாசிகசாலைச் சுவரில் ஏறட்டும். இதில் சேரும் பணம் ஐந்து பேர் அனுப்பும் பணத்தைவிடக் குறைவாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மின்னொளிக்கு இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டிவரும். பகலில் விளையாடலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இதற்கு உடன்படுவார்களா என்று கேட்பீர்கள். சிலருக்குக் கோபம் வரும். ஆயிரம் யூரோ அனுப்பியவனுக்கும் ஒரு கிலோ மீன் காசு கட்டியவனுக்கும் ஒரே வாக்கா என்று என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். அவரைப் போன்றவர்களுக்குக் கொடுக்க விருப்பம் இல்லாமல் இல்லை, கொடுத்தது தெரிய வேண்டும் என்பதுதான் அவர்களின் விருப்பம். எனக்கும் அது இருந்தது. கல்லில் என் பெயரும் இருக்கிறது. எங்கள் ஊர் நிர்வாகம் அந்தக் கல்லை எடுத்துவிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்பதை இந்தக் கடிதம் மூலமாகவே அறிவிக்கிறேன். பங்கின் விலையைத் தீர்மானித்ததும் எனக்குத் தெரியப்படுத்தினால், ஒரு பங்குக்குரிய பணத்தை அனுப்பி வைப்பேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது வேலி அடைக்கும் வேலை மிச்சமிருந்தால் அதற்கும் வருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகன்,
பேர்லின், ஜேர்மனி